வாளியும் கயிறும் ஏற்றியாச்சா?

வாசகர் கேள்விகள், வான்காரர் பதில்கள்

போன மாதம் வானுக்குள் கட்டில் அடிப்பது பற்றி ஒருவருக்குப் பதில் எழுதினேன். கட்டில் அடித்து முடித்தவர்கள் எல்லாம் இப்போது அடுத்த கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: சரி, உள்ளே எதை ஏற்றுவது? புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. 26 வருடம் லொறியும் வானும் ஓடினேன். முழங்கால் மறுத்த பிறகு கிளிநொச்சி கரடிப்போக்கில் சின்னதாக ஒரு கராஜ் போட்டு இருக்கிறேன்.

கேள்வி: கனடாவில் எங்களிடம் 24 அடி ‘ஆர்வி’ வண்டி இருக்கிறது. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. கோடையில் பிள்ளைகளோடு அதில்தான் முகாமிடப் போவோம். வருகிற ஜூலையில் ஊருக்கு வருகிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மைத்துனர் தன்னுடைய டொல்பின் வானில் பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் அடித்துத் தருகிறார். பத்து நாள் வன்னி முழுக்கச் சுற்றி, வானிலேயே படுத்தெழும்ப ஆசை. இங்கே வழக்கமாகக் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன், 61 உருப்படி. எதைக் கொண்டுவருவது, எதை அங்கே வாங்குவது, எதை விடுவது?
(ஸ்காபரோ வாசகர், சொந்த ஊர் முரசுமோட்டை)

பதில்: தம்பி, உங்கள் பட்டியலைக் கராஜில் நிற்கும் பொடியனுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். 14ஆவதாக ‘கரடிக்கு அடிக்கும் ஸ்பிரே’ என்று வந்ததும் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் சந்தியின் பெயரே கரடிப்போக்கு. இத்தனை வருடத்தில் ஒரு கரடியும் இந்தப் பக்கம் போக நான் காணவில்லை. காட்டுக்குள் கரடி இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது மரத்திலேயே ஏறித் தின்னும். நீங்கள் படுக்கப் போகும் கோயில் வீதிக்கு அது வராது. தவிர, அந்த ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். முதல் வெட்டு அதற்கு.

சாமான் ஏற்றும்போது நான் பார்ப்பது ஒரே கணக்குத்தான். பகலுக்கு வேண்டியதை ஏற்றுவதில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு எது இல்லாவிட்டால் விடியும்வரை கையைப் பிசைய வேண்டி வருமோ, அதை ஏற்றுவேன். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் பகலில் கிடைக்காத சாமான் குறைவு. சோப்பு, பாண், ரின் மீன், செருப்பு, குடை, பனடோல் எல்லாம் சந்திக்குச் சந்தி கடையில் தொங்கும். முறிகண்டியில் கச்சான் வாங்காமல் பிள்ளையாரும் விடமாட்டார், கடைக்காரரும் விடமாட்டார். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு ரோச் பற்றரி வேண்டுமென்றால் யாரைப் போய் எழுப்புவது? இந்தக் கணக்கில் போட்டால் உங்கள் 61இல் நாற்பதுக்கு மேல் தானாகக் கழன்றுவிடும்.

கழல்பவற்றை முதலில் பார்ப்போம். அங்கே முகாம் மைதானத்தில் வண்டியை விட்டதும் கம்பத்தில் 30 அம்பியர் வயரைச் சொருகுவீர்கள், தண்ணீர்க் குழாயைப் பூட்டுவீர்கள், கழிவுத் தொட்டியைத் திறந்து விடவும் ஓர் இடம் இருக்கும். உங்கள் பட்டியலில் கால்வாசி இந்த மூன்று வேலைக்கான சாமான். இங்கே அந்தக் கம்பமும் இல்லை, குழாயும் இல்லை, கழிவு திறந்துவிடும் இடமும் இல்லை. ஆகவே அந்த வயர், கழிவுக் குழாய், தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளைத் துண்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் அழுத்தம் அள்ளுபவரின் தோள்மூட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது மின்சாரம். உங்களுக்கு 120 வோல்ட், எங்களுக்கு 230. உங்கள் மின் கேத்திலையும் தலைமயிர் உலர்த்தியையும் மைத்துனர் வீட்டு பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். போன், லப்டொப் சார்ஜர்களில் 100–240 என்று அச்சடித்திருந்தால் பயமில்லை. பவர் பாங்க் 100 வற் மணி வரை கைப்பையில் விடுவார்கள், பெட்டிக்குள் வைக்கக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் 500 வற் மணிப் பெட்டி பயணிகள் விமானத்தில் ஏறாது. காஸ் குப்பியும் அப்படித்தான்.

‘மைனஸ் ஏழு பாகை தாங்கும் படுக்கைப் பை, 4’. தம்பி, ஊரைவிட்டுப் போய் எத்தனை வருடம்? ஜூலை இரவில் இங்கே 25 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆளுக்கு ஒரு பருத்திப் போர்வை, உங்களுக்கு ஒரு சாரம், அவ்வளவும் காணும்.

வண்டியோடு பூட்டி விரிக்கும் அந்தக் கூரையையும் விட்டுவிடுங்கள். ஜூலையில் சோளகம் வீசும். பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கம் இறங்கும் ரோட்டில் ஒருநாள் மத்தியானம் நின்று பாருங்கள், சட்டையே கழன்று போகிற மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் அலுமினியக் கால்கள் இரண்டு நாள் தாங்காது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் ஒரு தறப்பாள் வாங்கி, காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி வானின் ரயரோடு கட்டுங்கள், மறுபக்கத்தை உயர்த்தி மரத்தில் கட்டுங்கள். தறப்பாள் கட்ட வன்னியில் யாருக்கும் பழக்க வேண்டியதில்லை. மைத்துனரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கட்டித் தருவார்.

வண்டியை மட்டமாக நிறுத்த வைத்திருக்கும் அந்த மஞ்சள் பிளாஸ்ரிக் கட்டைகள் நல்ல சாமான்தான், ஆனால் பெட்டியில் இடம் பிடிக்கும். இங்கே மர ஆலையில் ஒன்றரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், இரண்டு அங்குலத் தடிப்பில் மூன்று பலகைத் துண்டு கேளுங்கள். சரிவான இடத்தில் ரயருக்குக் கீழே வைத்தால் வான் மட்டமாகும். ரயர் காற்றுப் போனால் ஜக்கின் கீழே வைக்கலாம். முல்லைத்தீவுக் கரை மணலில் பலகை இல்லாமல் ஜக் அடித்தால் வான் மேலே வராது, ஜக்தான் கீழே போகும். புதைந்த ரயருக்கு முன்னால் செருகலாம். இரவில் அதன்மேல் மரக்கறி வெட்டலாம், கழுவிவிட்டு. பத்து நாளும் கை படும் சாமான் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து கட்டாயம் கொண்டுவரச் சொல்வது தலையில் கட்டும் ரோச், ஆளுக்கொன்று, நாலு. இங்கேயும் கிடைக்கும், ஆனால் அங்கே வாங்குவது தண்ணிக்கும் தாங்கும். இரவில் ஒரு கையில் வாளி, மறுகையில் பிள்ளை என்று நிற்கும்போது மூன்றாவது கை அதுதான். கூடவே 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் காற்றாடி இரண்டு, ரயர் காற்று அளக்கும் கருவி ஒன்று. சின்னப் பிள்ளைக்குப் பழகிய தலையணையையும் எடுத்து வாருங்கள். புது இடத்தில் அது இல்லாமல் யாரும் நித்திரை கொள்ளப் போவதில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். நாலு பேருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 12 லீற்றராவது வேண்டும். சமையல், கை கால் கழுவல் எல்லாம் சேர்த்து 40 லீற்றர் ஏற்றுங்கள், குளிப்பைக் கிணற்றடியில் வைத்துக்கொள்ளலாம். 20 லீற்றர் கான் இரண்டு வாங்காதீர்கள், நிரம்பினால் ஒவ்வொன்றும் 20 கிலோ. இரண்டாம் நாளே நாரி பிடித்துக்கொள்ளும். 10 லீற்றர் கான் நாலு. அவற்றைப் பின்கதவோடு அடுக்காமல் முன்சீற்றுக்குப் பின்னால் தரையோடு வையுங்கள், வான் ஆடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கல்லுத்தண்ணி, கேத்திலின் அடியில் வெள்ளை படியும். குடிக்க வடிகட்டிய தண்ணீரை ரவுண்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர் சின்னக் குடும்பத்துக்குப் பத்து நாள் ஓடும், காலைத் தேத்தண்ணியும் இரவுச் சாப்பாடும் மட்டும் என்றால். ஒரு குக்கர், ஒரு தாச்சி, ஒரு கேத்தில். பழைய எண்ணெய்த் தகரத்தை மூன்று பக்கமும் விரித்து வைத்தால் சோளகம் நெருப்பை அணைக்காது. எவ்வளவு காற்றடித்தாலும் வானுக்குள் வைத்து அடுப்பு மூட்டாதீர்கள். அடைத்த வானில் எரியும் அடுப்பு விடும் காற்று மணக்காது, இருமல் வராது, ஆளை அப்படியே நித்திரையாக்கிவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு படுப்பதும் அதே ஆபத்துத்தான். விறகு நெருப்பும் வேண்டாம், ஜூலையில் சருகு பெற்றோல் மாதிரிப் பற்றும்.

பட்டியலில் ஒரு மடிப்பு மண்வெட்டி கண்டேன், காட்டுக்குப் போகும்போது குழி தோண்ட. இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். வன்னியில் மிதிவெடி பெரும்பகுதி எடுத்தாயிற்று, முகமாலைப் பக்கம்தான் நிறைய வேலை மிச்சம் இருந்தது. இலங்கை சேர்ந்துகொண்ட மிதிவெடித் தடை ஒப்பந்தப்படி முழுவதையும் எடுத்து முடிக்க 2028 வரை தவணை. சிவப்பில் மண்டையோடு வரைந்த பலகையைக் கண்டால் பிள்ளைகள் படம் எடுக்கக்கூட இறங்கக் கூடாது. பலகை இல்லாத பற்றையிலும் வழித்தடம் விட்டு இறங்க வேண்டாம், மண்ணைக் கிண்ட வேண்டாம். துருப்பிடித்த எந்த இரும்பையும் கையில் எடுக்க வேண்டாம். 12 வயதுப் பிள்ளையிடம் இதை விமானத்தில் வரும்போதே சொல்லிவிடுங்கள். மண்வெட்டி அங்கேயே இருக்கட்டும். படுக்கை கோயில் வீதியில், மடத்தில், தெரிந்தவர் வளவில். அங்கெல்லாம் கக்கூஸ் இருக்கும். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்டால் இல்லையென்று சொல்பவர் குறைவு, பெரும்பாலும் சாப்பாடும் வரும்.

கடைசியாக ஒரு யோசனை. நாலாம் நாள் மைத்துனர் வீட்டுப் பக்கம் வரும்படி பயணத்தைப் போடுங்கள். அதுவரை கை படாத சாமானை அங்கே இறக்கிவிட்டு மற்ற ஆறு நாளும் சுற்றுங்கள்.

கேள்வி: 74 வயது அம்மாவை ஒகஸ்ட் மடுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறேன். மூன்று இரவும் எங்கள் வானில்தான். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் போய் மரத்தடியில் சமைத்துப் படுத்தவர். ‘எனக்கொண்டும் வேண்டாம், ஒரு பாய் காணும்’ என்று நிற்கிறார். அவருக்கென்று எதை எடுக்க வேண்டும்?
(ஆசிரியை, வவுனியா)

பதில்: ரீச்சர், அம்மா சொல்வதில் எல்லாவற்றையும் கேளுங்கள், அந்தப் பாயை மட்டும் கேட்காதீர்கள். தரையில் பாயைப் போட்டுப் படுப்பவர்களைத்தான் கட்டுவிரியன் தேடி வந்து கடிக்கும். தேடி வரும் என்பது என் பேச்சு. இரவில் ஊர்ந்து திரியும்போது படுத்திருப்பவர் புரண்டால் கடிக்கும். கடி பெரிதாக நோகாது, எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் போகும், மூச்சும் இழுக்கும். ஆகவே அம்மா வான் கட்டிலில்தான். வெளியே படுக்க அடம்பிடித்தால் மடக்குக் கட்டிலும் நுளம்பு வலையும். வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருக வேண்டும். எதுவும் கடித்தது என்று சந்தேகம் வந்தாலே கட்டுப்போடாமல், கீறாமல், 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நுளம்பு வலை என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பு மடுவுக்குப் போய் வந்தால் இரண்டாம் கிழமை வீட்டில் ஒருவராவது மலேரியாவில் படுப்பார். 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. நுளம்புக்கு அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும், மத்தியானச் சிறு நித்திரைக்கும் வலை வேண்டும்.

இரவில் கக்கூசுக்கு வரிசையில் நிற்கச் சொல்லி 74 வயதுக்காரரை எழுப்ப முடியாது. ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, கீழே மூடியுள்ள வாளி வையுங்கள். சுற்றிவர மறைக்க இரண்டு சீலையும் ஒரு கயிறும். கடைகளில் இதற்கென்றே கதிரை விற்கிறார்கள், என்றாலும் பழைய கதிரையில் அம்மா கூச்சமில்லாமல் இருப்பார். வானில் ஏறி இறங்க ஒரு சோடாக் கேஸைக் கவிழ்த்துப் போட்டால் போதும். முழங்கால் போன எனக்கு அதன் அருமை தெரியும்.

மரம் மேற்குப் பக்கத்தில் வரும்படி வானை நிறுத்துங்கள், பின்னேர வெயில் உள்ளே அடிக்காது. வெயிலில் களைத்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்க இரண்டு மூன்று பக்கெட் ஜீவனி. அம்மாவின் சட்டைப்பைக்குள் உங்கள் போன் நம்பர் எழுதிய ஒரு துண்டு. இலட்சக்கணக்கில் ஆட்கள் வரும் இடம், கை நழுவினால் ஒலிபெருக்கியில்தான் சந்திப்பீர்கள்.

கேள்வி: அண்ணை, என்ர வானுக்குள் 12 வோல்ட் பிறிட்ஜ் ஒன்று வைக்கப் போகிறேன். வான் பற்றரியிலேயே நேராகக் கொடுக்கலாமா?
(புதுக்குடியிருப்பு இளைஞர்)

பதில்: கொடுக்கலாம், காலமை வான் ஸ்ராட் ஆகாது. ஒருமுறை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், உள் லைட்டும் பாட்டும் போட்டுவிட்டு விடியும்வரை நின்றேன். பிறகு நந்திக்கடல் ஓரமாகப் பொங்கலுக்கு வந்த சனம் என் வானைத் தள்ளியது. அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரியும், என் பற்றரிக்கு அந்த அருள் கிடைக்கவில்லை.

கணக்கைப் பார். பிறிட்ஜ் 45 வற் என்று வை. எங்கள் வெக்கைக்கு அதன் மோட்டார் நாளில் 14 மணித்தியாலமாவது ஓடும். 630 வற் மணி. தனியாக 100 அம்பியர் மணி பற்றரி ஒன்று வைத்தால் அதில் 1,200 வற் மணி இருக்கும். ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் சாகும். ஆக உனக்கு 600. ஒரு நாள்கூட முழுசாகக் காணாது. கூரையில் 200 வற் சோலர் போட்டால் நல்ல வெயில் நாளில் 700 அளவில் தரும், கணக்குச் சரி வரும். ஆனால் அந்த வெயிலுக்காக வானை வெயிலில் விட வேண்டும். வெயிலில் விட்டால் வான் கொதிக்கும், பிறிட்ஜ் இன்னும் கூட ஓடும். லிதியம் பற்றரி இதைவிட நல்லது, அடிவரை இறக்கலாம். விலையை நீயே விசாரி, நான் சொன்னால் உன் அப்பா என்னோடு கோபிப்பார்.

எப்படிச் செய்தாலும் பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ‘பிறகு போடலாம்’ என்று ஒருமுறை விட்டேன். கனகராயன்குளம் தாண்டும்போது சீற்றுக்குக் கீழே றபர் எரிகிற மணம். வயரின் தோல் பன்னிரண்டு அடிக்கு உருகி, கம்பளத்தோடு ஒட்டிப் போயிருந்தது. வயரைப் பிடுங்கிய விரல் இரண்டும் ஒரு கிழமை கொப்புளம்.

இரண்டு மூன்று நாள் பயணத்துக்கென்றால் என் கட்சி மீன்காரர் வைத்திருக்கும் அந்த வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிதான். நீ இருப்பது புதுக்குடியிருப்பில். முல்லைத்தீவில் மீனுக்கு ஐஸ் எடுக்கும் இடத்தில் ஒரு கட்டி வாங்கு, உடைக்காமல் முழுசாக வை, பெட்டிக்கு மேலே ஈரச் சாக்கைப் போடு. நாளுக்கு இரண்டு தரம் மட்டும் திற. கடல்காரர் பாட்டன் காலத்துக் கணக்கில் செய்யும் வேலை, பியூஸும் தேவையில்லை.

கேள்வி: போன இதழில் ‘குளக்கட்டில் வானை விட்டால் காற்று நல்லா வரும்’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இரவில் குளக்கட்டில் படுத்ததுண்டா?
(விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: ஐயா, பிடித்துவிட்டீர்கள். படுத்தது உண்டு, முப்பது வருடத்துக்கு முன்னர், லொறியின் மேல்தட்டில். பிழையாக எழுதிவிட்டேன். வறட்சியில் காட்டுக்குள் இருக்கும் மோட்டையெல்லாம் வற்ற, யானை குளத்துக்குத்தான் இறங்கும். தண்ணீர் குறைந்த குளத்தில் முதலையும் கரையோடு கிடக்கும். போன மாதம் வாசித்தவர்கள் அந்த வரியை வெட்டிவிடுங்கள். குளக்கட்டில் பின்னேரம் இருந்து காற்று வாங்குங்கள், இருட்ட முதல் எழும்புங்கள்.

சாமான் கணக்கிலும் யானைக்கு ஒரு பங்கு உண்டு. வாழைக்குலை, விளாம்பழம், உப்புப் பை, நெல்லு மூட்டை இவற்றோடு காட்டோரம் படுக்கக் கூடாது. மணம் பிடித்து வந்தால் வான் கண்ணாடி அதற்கு ஒரு பொருட்டல்ல. பாலைப்பழம் வாங்கினால் அங்கேயே தின்று முடியுங்கள். பால் ஒட்டி உதடு பிசுபிசுத்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சிலர் யானைவெடி எடுத்துப் போகிறார்கள். பழக்கமில்லாதவர் கையில் அது யானைக்கு முன் விரல்களைத்தான் கலைக்கும். ரோட்டில் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல் மெல்லப் பின்னால் எடுங்கள். உங்களுக்குத் தெரியாததா, மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

கேள்வி: மனைவி எல்லாம் ஏற்ற வேண்டும் என்கிறார். நான் ஒன்றும் வேண்டாம் என்கிறேன். யார் சரி?
(மல்லாவி)

பதில்: மனைவி. ஏற்றிய பிறகு இறக்கலாம். நடு ரோட்டில் உப்பு இல்லையென்று நீங்கள் நிற்கும்போது நான் வந்து சமாதானம் செய்ய முடியாது.

கேள்வி: எந்தக் கேள்விக்கும் ‘வாளியும் கயிறும் ஏற்றியாச்சா’ என்று கேட்கிறீர்கள். இப்போது எல்லா இடத்திலும் மோட்டர் இருக்கிறது, போத்தல் தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஏன் வாளி? அப்படியே எடுப்பதென்றால் கயிறு எத்தனை அடி?
(விசுவமடு)

பதில்: கரண்ட் நின்றால் மோட்டர் நின்றுவிடும். கோயில் கிணற்றில் கப்பி இருக்கும், வாளியை ஐயர் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். இது ஒரு காரணம்.

மற்றது 2008, சண்டையில் ஊரைவிட்டு ஓடிய வருடம். அக்கராயனிலிருந்து வெளிக்கிடும்போது உழவு மெசின் பெட்டியில் என்னத்தை ஏற்றவில்லை? கதவு நிலை, கூரைத் தகரம், தையல் மெசின், கலியாணப் படம். அம்மியை ஏற்ற இடமில்லை என்று ஐயா சொல்ல, அம்மா குழவியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. அம்மி இல்லாத குழவி. தருமபுரத்தில் கதவும் தகரமும் இறங்கின. விசுவமடுவில், உங்கள் ஊரில்தான், தையல் மெசினை ஒரு வீட்டு விறாந்தையில் விட்டோம். ஒவ்வொரு இடத்திலும் போய் நின்றவுடன் முதலில் தேடியது கிணறு, கிணற்றடியில் முதலில் தேடியது வாளி. வாளி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களிடம் ஒரு தகர வாளி இருந்தது. பிறகு செட்டிகுளம் முகாமில் தண்ணீர் பவுசருக்கு அதை வைத்துத்தான் வரிசை பிடித்தோம். குழவியும் வந்து சேர்ந்தது. இப்போது புது அம்மியில் ஓடுகிறது, அளவு கொஞ்சம் பிழை.

கயிறுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கிணறுகள் பெரும்பாலும் இருபது, முப்பது அடி. ஆவணியில் தண்ணீர் அடியில் கிடக்கும். 40 அடி எடுங்கள். தும்புக் கயிறு ஈரத்தோடு சுருட்டி வானுக்குள் வைத்தால் உளுத்துப் போகும், மெல்லிய நைலோன் கையை அறுக்கும். சுண்டுவிரல் தடிப்பில் நைலோன் வாங்கி அடிக்கொரு முடிச்சுப் போடுங்கள், வழுக்காது. தகர வாளி கிடைக்காமல் பிளாஸ்ரிக் வாளி எடுத்தால் அது தண்ணீரில் சரியாமல் மிதக்கும். பிடி பூட்டும் ஒரு பக்கத்தில் மட்டும் பழைய லொறி நட் ஒன்றைக் கம்பியால் கட்டிவிடுங்கள், தானாகச் சரிந்து மொள்ளும். நட் இல்லையென்றால் கராஜுக்கு வாருங்கள், ஒரு தகரம் நிறையக் கிடக்கிறது.